பதிவுக்கு எப்போது போடுவது

பால் போத்தலில் இருக்கும் திகதியை இரண்டு தரம் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினால், திரும்பிப் போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன். பேருந்துச் சாரதி "நியூ லின் போகும்" என்று சொன்ன பிறகும் பின் இருக்கைக்காரரிடம் ஒரு முறை கேட்பேன். என் கணவர் இதை வியாதி என்பார். வைத்தியசாலையில் இதே வியாதிக்குக் கவனம் என்று பெயர். அங்கே அதற்காக மெச்சினார்கள், வீட்டில் அதற்காகவே சிரித்தார்கள். இரண்டையும் நான் முழுதாக நம்பவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஆக்லாந்தில் ஒரு வைத்தியசாலையில் பயிற்சி வைத்தியராக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் படித்து, அங்கேயே உள்ளகப் பயிற்சியும் முடித்து, கணவரோடு இங்கே வந்து சேர்ந்திருந்தேன். என்னிடம் இருந்தது தற்காலிகப் பதிவு. அதாவது இந்த ஒரு வைத்தியசாலையில், இந்த ஒரு மேற்பார்வையாளரின் கீழ், இந்த ஒரு வருடம் மட்டும் நான் வைத்தியர். வருட முடிவில் அவர் கையெழுத்து வைத்தால் இன்னொரு வருடம் வைத்தியர். வைக்காவிட்டால் விரி என்ற பகுதியில், பண்டசாலை ஒன்றில் பெட்டி அடுக்கப் போக வேண்டியதுதான்.

பேச்சுக்காகச் சொல்லவில்லை. என் கணவர் ஊரில் பொறியியலாளர். இங்கே விரியில் ஒரு பண்டசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஷிஃப்டில் வேறு ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்த வைத்தியர் ஒருவர் பழப்பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே என் கணவர், "இண்டைக்கும் டொக்டர் என்னோட தான் சாப்பிட்டவர்" என்பார். பகிடிக்குத்தான் சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் போய் என் பதிவுக் கடதாசியின் முடிவுத் திகதியைப் பார்ப்பேன்.

முழுப் பதிவு எடுத்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். ஒருவருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டாம், எந்த ஊரிலும் வேலை கேட்கலாம். விண்ணப்பத்தை எப்போது போடுவது என்பதுதான் சிக்கல். இப்போது போட்டு மறுத்தால் அந்த மறுப்பு கோப்பில் ஏறிவிடும், பிறகு தற்காலிகப் பதிவும் கிடைக்காது என்று ஒரு கதை. பொறுத்திருந்து நிபுணத்துவப் பயிற்சியின் முதற்பாகச் சோதனையில் சித்தியடைந்த பிறகு போட்டால் மறுக்கவே மாட்டார்கள் என்று இன்னொரு கதை. சட்டம் மாறப் போகிறது, மாறினால் வெளிநாட்டில் படித்தவர்கள் எல்லாரும் முதலிலிருந்து சோதனை எழுத வேண்டும் என்று மூன்றாவது கதை. இவற்றைச் சொன்னவர்களில் ஒருவர்கூடப் பதிவுச் சபையில் வேலை செய்யவில்லை. சபைக்கே தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் மிகவும் அன்பாக, படிவம் அனுப்பி வைக்கிறேன் என்றாள். அவ்வளவு அன்பு ஏன் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

முதலில் என் மேற்பார்வையாளரைக் கேட்டேன். அவர் உயரமான வெள்ளைக்காரர். தன் தேநீரைத் தானே போட்டுக் குடிப்பார், பக்கத்தில் நின்றால் எனக்கும் ஒன்று போட்டுத் தருவார். ஊரில் எங்கள் பெரிய டொக்டர் கேத்தலைத் தொட்டதைக் கூட நான் கண்டதில்லை. ஆகவே இவருடைய தேநீரே எனக்கு யோசனையாக இருந்தது. முழுப் பதிவுக்குப் போடலாமா என்று கேட்டேன். கோப்பையைக் கழுவியபடி, "அவசரமில்லை. நீங்கள் நன்றாகத்தான் செய்கிறீர்கள். அவசரமில்லை" என்றார்.

நன்றாகச் செய்கிறவளை ஏன் பொறுக்கச் சொல்ல வேண்டும்? விடுமுறை நாட்களின் வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கிறிஸ்மஸுக்கு என் பெயர், ஈஸ்டருக்கும் என் பெயர். முழுப் பதிவு கிடைத்தால் நான் வேறு இடம் தேடிப் போவேன். பிறகு அந்த நாட்களை யார் செய்வது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம், அந்தக் கதைதான் என்று முடிவு கட்டினேன்.

இரண்டாவதாக மலேசியத் தமிழ் டொக்டர் ஒருவரைக் கேட்டேன். என்னோடு ஒரே பிரிவில் வேலை, எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். இந்த நாட்டிலேயே படித்தவர் என்பதால் பதிவைப் பற்றி அவர் யோசிக்க வேண்டி இருந்ததில்லை. மனுகாவ் மோலில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னுமா போடலே? என்னா நீ! சட்டம் மாறப் போவுது லா. இப்பவே அனுப்பு."

"ஆர் அக்கா சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும் லா. லேட் பண்ணிட்டு அப்புறம் என்கிட்ட வந்து அழாதே."

இவருக்கு ஏன் இத்தனை அவசரம்? அடுத்த வருடம் எங்கள் பிரிவில் மேற்பயிற்சிக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. நான் அவசரப்பட்டுப் போட்டு, விண்ணப்பம் திரும்பி வந்து, தற்காலிகப் பதிவும் பறிபோனால் அந்த இடத்துக்குப் போட்டியே இருக்காது. நூடுல்ஸுக்கு அவரே காசு கொடுத்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டையும் கணவரிடம் சொன்னேன்.

"அவர் பொறு எண்டாலும் சூழ்ச்சி, அவ போடு எண்டாலும் சூழ்ச்சி. அப்ப நீர் ஆரைத் தான் நம்புவீர்?" என்றார்.

"ஒருத்தரையும் இல்லை."

"என்னை?"

"நீங்கள் கார்க் கதவு பூட்டினனீங்களோ?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பூட்டியிருக்கவில்லை.

கடைசியில் நான் முடிவெடுத்த விதத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மேற்பார்வையாளர் என்னைப் பிடித்து வைத்திருப்பதால் அவருக்கு வரும் லாபம் இன்றைக்கே வருவது. மலேசிய அக்காவுக்கு வரும் லாபம் அடுத்த வருடம்தான். கிட்டத்தில் நிற்கிற ஆபத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, இப்போதே போடுவது, ஆனால் ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

மூச்சு விடாமல் இருப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. காரியம் முடியுமட்டும் நாங்கள் வாய் திறப்பதில்லை. வெளிக்கிட்டுப் போகிறவரை எங்கே என்று கேட்டால் "கிட்டத்தான்" என்பார். பெட்டியைப் பார்த்தால் சிங்கப்பூர் போகிறார் என்று தெரியும். வீடு வாங்குகிறவர் "உந்த விலைக்கு ஆர் வாங்குவினம்" என்று சொல்லிக்கொண்டே மோர்ட்கேஜ் கடதாசியில் கையெழுத்து வைப்பார். சோதனை எழுதப் போகிறவர்கள் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு எழுதுவார்கள். வெளியே சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்பது ஒரு காரணம், தவறினால் வெட்கம் என்பது மற்றக் காரணம். கேட்பவரும் இதைப் பொய் என்று எடுப்பதில்லை. யார் எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வார். சொல்கிறவருக்கும் அது தெரியும். இந்தக் கணக்குத் தெரியாத யாழ்ப்பாணத்தான் இருக்க முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆக்லாந்தில் என்னைப் போலவே தற்காலிகப் பதிவோடு இன்னொருவர் இருந்தார். ஊரில் வைத்தியசாலையின் ஒரே வாட்டில் என்னோடு உள்ளகப் பயிற்சி செய்தவர், எனக்கு அரை வருடம் பின்னால் இங்கே வந்தவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். ஊரில் அப்போது தாதிமார் போதாத காலம். நோயாளிக்கு இரத்தம் ஏற்றுவதற்கு முன் இருவர் சரிபார்க்க வேண்டும். ஒருவர் பையிலுள்ள இலக்கத்தை வாசிக்க, மற்றவர் நோயாளியின் கடதாசியோடு ஒத்துப் பார்ப்பார். பிறகு கைமாற்றி மறுபடி வாசிக்க வேண்டும். அந்த இருவர் அநேகமாக நானும் தம்பியுமாக இருப்போம். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் அவர் வாசித்ததை நான் பையை வாங்கி மறுபடி வாசித்துத்தான் விடுவேன்.

இங்கே அவருக்கு நகரத்தின் மற்றப் பக்கத்தில் வேறு வைத்தியசாலையில் வேலை. தனியாள். ஞாயிறுகளில் பழைய கார் ஒன்றில் எங்கள் நியூ லின் வீட்டுக்குச் சாப்பிட வருவார். இலையுதிர் காலம் என்றால் அவருடைய வீட்டுக்காரரின் மரத்து ஃபீஜோவாப் பழங்கள் ஒரு பை நிறைய வரும். அப்படி வந்த ஒரு ஞாயிறு, நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிற்கும்போது கேட்டார்.

"அக்கா, முழுப் பதிவுக்கு எப்ப போடப் போறியள்?"

பாதி நிரப்பிய படிவம் அப்போது குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், தொலைபேசிப் புத்தகத்துக்குக் கீழே இருந்தது. அவருடைய கண் அங்கே ஒருமுறை போய் வந்தது போல எனக்குப் பட்டது.

"ஏன் தம்பி கேக்கிறீர்?"

"சும்மா தான். என்ர கடதாசி எல்லாம் ஒழுங்காக் கிடக்கு. போடுறதோ விடுறதோ எண்டு தான் தெரியேல்லை. நீங்கள் என்ன செய்யிறியளோ அதையே நானும் செய்வம் எண்டு."

சும்மா என்று ஒருவர் சொன்னால் சும்மா இல்லை என்று பொருள். இவர் ஏற்கெனவே போட்டுவிட்டார், என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இரண்டு பேருடைய விண்ணப்பமும் ஒரே நேரத்தில் ஒரே மேசைக்குப் போனால் ஒத்துப் பார்ப்பார்களே, ஒருவரை எடுத்து ஒருவரைத் தள்ளுவார்களே என்றெல்லாம் மனம் ஓடியது.

"பொறுக்கிறது தான் நல்லம். முதற்பாகம் முடியட்டும். இப்ப போட்டால் திருப்பி அனுப்புவினமாம். என்ர பெரியவரே சொன்னவர், அவசரமில்லை எண்டு."

அவசரமில்லை என்று அவர் சொன்னது உண்மை. மிச்சத்தை நான் கட்டிச் சேர்த்தேன்.

"அப்ப நீங்கள் போடேல்லை?"

"இல்லை. அடுத்த வருசம் பாப்பம்."

"அப்ப சரி" என்றார். இரண்டு தரம் கத்தரிக்காய்க் குழம்பு விட்டுச் சாப்பிட்டார்.

அவருடைய கார் வீதி முனையில் திரும்பியதும் கணவரிடம் சொன்னேன்: "கள்ளன். போட்டிட்டுத் தான் கேக்கிறான்."

"அவன் பாவம்" என்றார் கணவர்.

"பாவம் எண்டு பேரெடுத்தவையைத் தான் கூடக் கவனமாப் பாக்க வேணும்."

விதி எனக்கு வைத்த பொறியைப் பாருங்கள். படிவத்தின் கடைசிப் பக்கத்தில், உள்ளகப் பயிற்சி செய்த வைத்தியசாலையிலிருந்து நேரடி அத்தாட்சி கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். போர்க்காலம், ஒன்றுக்கும் பதில் இல்லை. சபையைக் கேட்டபோது, அந்தக் காலத்தில் கூட வேலை செய்த வைத்தியர் ஒருவரின் சத்தியக் கடதாசி போதும் என்றார்கள். என்னோடு அந்த வாட்டில் நின்ற வைத்தியர் இந்தத் தீவுகள் முழுவதிலும் ஒரே ஒருவர்தான் இருந்தார். எவருக்குத் தெரியக் கூடாது என்று படிவத்தை ஒளித்தேனோ, அவரேதான்.

தொலைபேசியில் அடுத்த பொய்யைச் சொன்னேன். "தம்பி, தற்காலிகப் பதிவைப் புதுப்பிக்க ஊரிலை வேலை செய்ததுக்கு அத்தாட்சி கேக்கினம். ஒரு சத்தியக் கடதாசி தருவீரோ?"

"ஓம் அக்கா. எப்ப வர?"

வேறு ஒரு கேள்வியும் இல்லை. கேள்வி கேட்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சனிக்கிழமை வந்தார். நியூ லின்னில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு முதியவர் சமாதான நீதவானாகவும் இருந்தார். சத்தியம் வாங்கி முத்திரை குத்துவார். அங்கே போகும் வழியில் தம்பி, "எனக்கும் இதைக் கேப்பினமோ?" என்றார்.

"உம்மட்டைப் பயிற்சிச் சான்றிதழின்ர மூலப்பிரதி இருக்குத் தானே. உம்மட்டைக் கேக்க மாட்டினம்" என்றேன். அது இருந்தது உண்மை. பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு, ஊரைவிட்டு வரும்போது கடல்நீரேரியைக் கடந்தவர் அவர். நான் என்னுடையதைப் பெட்டியில் வைத்து, பெட்டியையே தொலைத்தவள்.

மருந்துக்கடையின் ஒரு மூலையில் நின்றபடியே ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினார். முதியவர் முத்திரை குத்தித் தந்ததும் வாங்கி வாசித்தேன். திகதிகள் சரி, வாட்டின் பெயர் சரி. கடைசியில் யாரும் கேட்காத ஒரு வசனம் இருந்தது: "இரத்தப் பையின் இலக்கத்தை இவர் வாசித்தால் நான் அதை இரண்டாம் தரம் வாசித்ததில்லை, ஒருநாளும் பிழைத்ததில்லை."

"இதை ஏன் எழுதினீர்? வாசிக்காமல் விட்டது பிழையெல்லோ?"

"உண்மை தானே அக்கா."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தரம் வாசிக்காத வாட்டில் பயிற்சி பெற்றவள் என்று சபை என்னைத் தள்ளிவிடுவதற்காகவே, வெளிக்குப் புகழ்ச்சி போல இதைப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கிழித்துவிட்டு வேறு கேட்கலாம் என்றால் அவருக்குச் சந்தேகம் வரும். வீட்டில் அதைப் பத்துத் தரமாவது வாசித்திருப்பேன். கடைசியில் வேறு வழியில்லாமல் அதையே வைத்தேன்.

மேற்பார்வையாளரின் அறிக்கையும் வேண்டும். மறுத்துவிடுவார் என்று ஒரு கிழமை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கேட்டதும் மேசை லாச்சியைத் திறந்து ஒரு உறையை எடுத்துத் தந்தார். நான் முதல் தரம் கேட்ட கிழமையே எழுதி வைத்துவிட்டாராம். "அன்றைக்கு நீங்கள் மிகவும் களைத்துப்போய் நின்றீர்கள். அதனால்தான் அவசரமில்லை என்றேன்" என்றார். லிஃப்டுக்குள் நின்று உறையைத் திறந்தேன். அதில் ஒரு குறையும் எழுதப்பட்டிருக்கவில்லை. குறையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று மறுபடியும் வாசித்தேன்.

நியூ லின் தபால் கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் வேலை செய்தார். ஆகவே மனுகாவ் வரை போய் அங்கே தபாலில் போட்டேன்.

குளிர்காலம் முடியும்போது பதில் வந்தது. முழுப் பதிவு கிடைத்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், குசினித் தரையில் இருந்து அழுதேன். இனி ஒருவரும் என்னை விரிக்கு அனுப்ப முடியாது. கணவர் கேசரி கிண்டினார், மூன்று வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றார். நான் விடவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு உடுப்பு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் மாட்டினேன். காலையில் சேலை எடுக்கும்போது நான் மட்டும் பார்ப்பேன். தம்பிக்குச் சொல்லவில்லையா என்று கணவர் கேட்டார். அவரும்தான் சொல்லவில்லையே, அவர் முதலில் சொல்லட்டும் என்றேன். ஞாயிறுகளில் அவர் வழக்கம் போல வந்தார், சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. எப்படி அழுத்தமாக மறைக்கிறார் பார் என்று எனக்குள் ஒரு மரியாதை கூட வந்தது.

பிறகு சட்டம் மாறியது. மலேசிய அக்கா சொன்னது அப்படியே நடந்தது. ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள் தப்பினார்கள். தற்காலிகப் பதிவில் இருந்த மற்றவர்களுக்குக் கடிதம் போனது: இனி சோதனை எழுதித் தேற வேண்டும், அதுவரை புதுப்பிப்பது நிச்சயமில்லை.

அந்த ஞாயிறு மழை. தம்பி நனைந்துகொண்டு வந்தார், கக்கத்தில் ஒரு பை. கடிதத்தை மேசையில் வைத்தார்.

"உங்களுக்கும் வந்திருக்குமே அக்கா? ரெண்டு பேரும் நல்லா மாட்டுப்பட்டம்" என்று சிரித்தார். பிறகு பையைத் திறந்து இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்தார். இரண்டும் ஒன்றேதான். "சோதினைக்கு இது தான் நல்லமாம். உங்களுக்கும் ஒண்டு வாங்கினனான். ஞாயிற்றுக்கிழமையளிலை இருந்து ரெண்டு பேருமாப் படிப்பம்."

புத்தகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் விண்ணப்பிக்கவே இல்லை. ஒளிக்கவும் இல்லை, என் வாயைப் பிடுங்கவும் இல்லை. பொறு என்று நான் சொன்னேன், பொறுத்தார். எல்லாரும் பாதியைத் தள்ளிவிட்டு எடுக்கும் பேச்சை இவர் முழுதாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த வருடம் மேற்பார்வையாளர் என்னிடம் பொய் சொல்லவில்லை, மலேசிய அக்கா சொல்லவில்லை, தம்பி சொல்லவில்லை. சொன்னது நான் ஒருத்திதான்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குள் போய்விட்டார். அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து சான்றிதழைக் கழற்றிக் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தேன். வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவர் திகதியை ஒருமுறை பார்த்தார். சத்தியக் கடதாசி எழுதித் தந்த சனிக்கிழமை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு இரண்டு கையாலும் அதைத் திருப்பித் தந்தார்.

"கண்ணூறு படாமல் வைச்சிருங்கோ அக்கா."

அதில் குத்தல் இருந்ததா? அந்தக் குரலை மனதில் எத்தனையோ தரம் திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டேன், ஒரு குத்தலும் அகப்படவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்தார். மற்றது என் மேசையில் கிடந்தது.

வருட முடிவில் அவருடைய பதிவு புதுப்பிக்கப்படவில்லை. வைத்தியசாலை அவரை வைத்திருக்க முடியாது என்றது. என் கணவர்தான் தன் பண்டசாலையில் கேட்டு வேலை எடுத்துக் கொடுத்தார், குளிர் அறையில் பெட்டி அடுக்கும் வேலை. முதல் நாள் பின்னேரம் கணவர் வந்து சப்பாத்தைக் கழற்றினார். நான் கதவடியில் நின்றேன்.

"இண்டைக்கு டொக்டர் என்னோட தான் சாப்பிட்டவர்" என்றார். அன்று அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வசனத்தை அவர் எங்கள் வீட்டில் சொன்னதில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் இன்னொரு கரண்டி சோறு போடுவேன். அவர் இளைத்துப் போனார், விரல் நுனிகள் வெடித்திருந்தன. முதல் தரம் எழுதிய சோதனையில் தவறினார். சோதனைத் திகதியை அவர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னைக் குத்திக்காட்டத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அப்படி நினைத்ததற்காக என்னையே நான் வெறுத்தேன். இரண்டாம் தரமும் திகதியைச் சொன்னார். அந்தத் தரம் தேறினார்.

தொண்ணூறுகள் முடியப்போகும் காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை, முழுப் பதிவுப் படிவத்தோடு வந்தார். பழைய வேலையைப் பற்றி, கூட நின்ற வைத்தியர் ஒருவர் அத்தாட்சி எழுத வேண்டும். இவருடைய வேலையை நம்பலாமா என்று ஒரு கேள்வி இருந்தது. மேசையில் இருந்து எழுதினேன். இரத்தப் பையைப் பற்றி எழுதினேன். அவர் வாசித்த இலக்கத்தை ஒவ்வொரு தரமும் நான் மறுபடி வாசித்தேன், ஒருமுறையாவது அவர் பிழையாக வாசித்ததை நான் காணவில்லை என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"தம்பி, அண்டைக்கு நான் உமக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும் அக்கா."

"அப்ப ஏன் இதுக்கு என்னட்டை வாறீர்?"

"வாட்டிலை ஒருநாளும் பொய் சொல்லேல்லையே. இதிலை வாட்டைப் பற்றித் தானே கேக்கினம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடதாசியைக் கொடுத்தேன். அவர் வாங்கி மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார்.

"ஒருக்கா வாசியும். என்ன எழுதினன் எண்டு பாரும்."

"நீங்கள் வாசிச்சனீங்கள் தானே?"

"ரெண்டு தரம்" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லி, உறையை ஒட்டினார்.